கிரிப் பழக்குகிற காளியாயி

அந்தப் பெண் பிளேடை எடுத்து, கோல்ஃப் மட்டையின் கைப்பிடி ரப்பரில் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பாக இழுத்தபோது காளியாயிக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. ரப்பர் இரண்டாகப் பிளந்து, உரித்த கோழித்தோல் மாதிரி அந்தப் பெண்ணின் கையோடு வந்தது. பத்து நாள் உழைப்பு அது. அன்று காலையில்தான் கடைசி முந்நூறு வீச்சு வீசி முடித்து, துணியால் துடைத்து, பழகிவிட்டது என்று செட்டியார் கையில் கொடுத்திருந்தாள். கொடுத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

"இத முதல்ல தூக்கிப் போடணும் அங்கிள்," என்றாள் அந்தப் பெண். சொன்னதோடு நிற்காமல் இரண்டாவது மட்டையையும் எடுத்தாள்.

காளியாயி செட்டியாரைப் பார்த்தாள். அவர் தடுப்பார் என்று நினைத்தாள். அவர் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

ஒரு ரப்பர் கிழிந்ததற்கு ஒருத்திக்கு ஈரக்குலை நடுங்குமா என்று கேட்பீர்கள். அதற்கு அவள் பார்த்த வேலை என்னவென்று தெரிய வேண்டும். காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகிற ரோட்டில், கீழச்சிவல்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால், அழகுசுந்தரம் செட்டியாருக்குப் பன்னிரண்டு ஏக்கர் சரளைக்காடு இருக்கிறது. கடலை போட்டால் கடலை வராது, முந்திரி வைத்தால் முந்திரி வராது. மலேசியாவின் ஈப்போ நகரில் முப்பது வருடம் இரும்புக்கடை நடத்தி, கடையை மகனிடம் விட்டுவிட்டு ஊர் திரும்பிய செட்டியார், அந்தக் காட்டில் ஒன்பது குழி தோண்டி, ஒன்பது கொடி நட்டு, இது கோல்ஃப் மைதானம் என்று சொன்னபோது ஊரே வாயைப் பிளந்தது. புல் என்று பேருக்குக்கூடக் கிடையாது. குழியைச் சுற்றி மணலைப் பரப்பி, காற்றுக்குப் பறக்காமல் இருக்கப் பழைய எஞ்சின் ஆயிலைத் தெளித்து வைத்திருப்பார்கள். பந்தை வைத்து அடிக்க ஆளுக்கொரு பிளாஸ்டிக் பாய்த்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவார்கள். ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ரிட்டையரான வெங்கட்ராமன், பேங்க் மேனேஜர் வேலை பார்த்து ஓய்ந்த இரண்டு பேர், வெளிநாட்டிலிருந்து திரும்பிய செட்டியார்கள் நாலைந்து பேர், இவர்கள்தான் ஆட்டக்காரர்கள். வியாழனும் ஞாயிறும் ஆட்டம். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட்டு இட்லி சாப்பிடப் போய்விடுவார்கள்.

அந்தக் காட்டில் கருவேல முள் வெட்ட வந்தவள்தான் காளியாயி. அதற்கு முன்னால் கட்டட வேலை. பதினெட்டு வயதிலிருந்து முப்பத்தேழு வரைக்கும் கலவைச் சட்டி சுமந்து, உச்சந்தலையில் முடி தேய்ந்து போனவள். முள் வெட்டி முடிந்ததும் மணலை வாரிவிடவும், முள்ளுக்குள் விழுகிற பந்துகளைப் பொறுக்கிக் கூடையில் போடவும், ஆட்டத்தின்போது மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடக்கவும் செட்டியார் அவளை நிறுத்திக்கொண்டார்.

வந்த ஆறாம் மாதம் செட்டியாரின் மட்டைகளுக்கெல்லாம் புது கிரிப் வந்தது. கிரிப் என்றால் மட்டைக் காம்பில் மாட்டுகிற ரப்பர் உறை. வந்ததை மாட்டி ஒரு ஆட்டம் ஆடினார். உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். வீட்டுக்குப் போய்க் கையை நீட்டினால், அவர் மனைவி தேனம்மை ஆச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. புதுச் செருப்பை யாராவது அப்படியே காலில் போடுவார்களா என்று கேட்டாராம். ஆச்சியின் பிறந்த வீட்டில் அவருடைய அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, புதுத் தோல்செருப்பு வந்தால், கார் ஓட்டுகிறவர் முதல் பத்து நாள் போட்டு நடந்து, கடி வாங்க வேண்டியதையெல்லாம் அவர் காலில் வாங்கிக்கொண்டு, விளக்கெண்ணெய் தடவி மெத்தென்று ஆன பிறகுதான் வாசலில் கொண்டுவந்து வைப்பாராம். "காலுக்கு ஒரு ஞாயம் கைக்கு ஒரு ஞாயமா? யார் கையிலயாச்சும் குடுத்துப் பழக்கி வாங்கிக்கங்க," என்றார் ஆச்சி.

செட்டியாருக்கு அது அப்பழுக்கில்லாத யோசனையாகத் தெரிந்தது. யார் கை என்று யோசிக்கவும் வேண்டியிருக்கவில்லை. பத்தொன்பது வருடம் சட்டி பிடித்துக் காய்த்த கை ஒன்று மைதானத்திலேயே இருந்தது.

வேலையை அவர் ஏனோதானோவென்று கொடுக்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும். தப்பாகப் பிடித்தால் கிரிப் தப்பாகப் பழகிவிடும் என்று அவருக்குப் பயம். மகன் அனுப்பியிருந்த வீடியோவைப் போனில் போட்டுக் காட்டி, அதில் ஒரு வெள்ளைக்காரர் எப்படிப் பிடிக்கிறாரோ அப்படியே பிடிக்க வைத்தார். இடதுகைப் பெருவிரல் காம்புக்கு நேர் மேலே வராமல் ஒரு நூல் வலதுபக்கம் தள்ளி இருக்க வேண்டும். வலதுகைச் சுண்டுவிரல் இடதுகை விரல் மேல் ஏறி உட்கார வேண்டும். எவ்வளவு அழுத்தம் என்று காளியாயி கேட்டாள். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. அவளே ஒரு அளவு கண்டுபிடித்துக்கொண்டாள்: ரோட்டைக் கடக்கும்போது குழந்தையின் விரலைப் பிடிக்கிற பிடி. நழுவவும் கூடாது, குழந்தை அழவும் கூடாது. வீச்சும் அந்த வெள்ளைக்காரரின் வீச்சுதான். ஒரு மாதம் செட்டியார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, முட்டி மடங்கினால் திட்டினார், தலை தூக்கினால் திட்டினார். இதில் பெரிய கூத்து என்னவென்றால், அந்த வீடியோவில் இருக்கிற ஒன்றையும் செட்டியார் செய்ய மாட்டார். ஈப்போவில் முப்பது வருடத்துக்கு முன்னால் கற்ற வீச்சு அவருக்கு. அதை மாற்ற பிரம்மாவால்கூட முடியாது.

இரண்டு கட்டளைகள் மட்டும் கறாராகச் சொன்னார். மட்டையால் பந்தைத் தொடக்கூடாது. மட்டையின் தலை தரையில் படக்கூடாது, சரளையில் பட்டால் கீறல் விழும். "தரைக்கு மேல ஒரு சாண் நிக்கணும்" என்று குனிந்து தன் கையாலேயே அளந்து காட்டினார்.

ஏழு வருடம் அந்த ஒரு சாண் இறங்கவில்லை. காலை ஆறரை மணிக்கு ஷெட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் நின்று வீச ஆரம்பிப்பாள். தரையில் உதிர்ந்து கிடக்கிற வேப்பம்பூ ஒன்றுகூட அசையாது. மட்டைக்கு இருநூறு வீச்சு, பத்து நாள். பத்தாம் நாள் துணியில் விளக்கெண்ணெய் தொட்டுத் தடவி, துடைத்துக் கொடுப்பாள். பிறகு பிளேடு வைத்துப் பழைய ரப்பரை எடுக்கவும், இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பைச் சுற்றி, பெட்ரோல் ஊற்றி வழுக்கவிட்டுப் புது ரப்பரை ஒரே மூச்சில் ஏற்றவும் அவளே கற்றுக்கொண்டாள். வெங்கட்ராமனும் தன் மட்டைகளைக் கொடுத்துப் பழக்கி வாங்கினார். "கைராசிக்காரி" என்று பேர் வந்தது.

ஊரில் கேலிக்குக் குறைவில்லை. ஊர்வாயை மூட உலைமூடி உண்டா? அவள் புருஷன் அழகுராஜா டைல்ஸ் ஒட்டப் போகிறவன். இந்த ஜில்லாவிலேயே காற்றை அடித்துக் கூலி வாங்குகிற ஒரே பொம்பளை என் பெண்டாட்டிதான் என்று டீக்கடையில் சொல்லிச் சிரிப்பான். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் மனதுக்குள் அவளுக்கு அது சிரிப்பு விஷயம் இல்லை. கலவைச் சட்டியை யார் வேண்டுமானாலும் சுமக்கலாம். இவள் வராவிட்டால் மேஸ்திரி இன்னொருத்தியைக் கூப்பிடுவார். "இதை நீதான் செய்யணும்" என்று ஒரு மனுஷர் அவளைப் பார்த்துச் சொன்ன வேலை அவள் ஆயுசுக்கும் இந்த ஒன்றுதான். அது போனால் கூலி மட்டும் போகாது என்று அவளுக்குத் தெரியும்.

இரண்டு வருடமாகச் செட்டியாருக்கு இடதுகைப் பெருவிரல் அடியில் வலி. வீங்கிவிடும். மதுரையில் டாக்டரைப் பார்த்தார், ஊசி போட்டார்கள், கேட்காவிட்டால் கத்தி வைக்க வேண்டும், ஆட்டத்தை விட்டுவிடுங்கள் என்றார்கள். செட்டியார் ஆட்டத்தை விடவில்லை, கிரிப்பை மாற்றினார். வலி கூடக்கூட அடிக்கடி மாற்றினார். காளியாயியும் தன் பங்குக்கு இருநூறை முந்நூறாக்கினாள், விளக்கெண்ணெயை இன்னொரு கை கூட்டினாள். ஐயாவின் கைக்கு நோகக்கூடாது என்று வேண்டிக்கொண்டே தடவினாள்.

அப்போதுதான் ஸ்வேதா வந்தாள். வெங்கட்ராமனின் அண்ணன் மகள். பெங்களூரில், கோல்ஃப் ஆடுகிறவர்களுக்குக் கையளவு பார்த்து மட்டையும் கிரிப்பும் பொருத்திக் கொடுக்கிற கடையில் வேலை. காரைக்குடியில் ஒரு கல்யாணத்துக்கு வந்தவளை, செட்டியாரின் கையைக் கொஞ்சம் பார்த்துச் சொல் என்று வெங்கட்ராமன் வியாழக்கிழமை காலையில் மைதானத்துக்கு அழைத்து வந்திருந்தார்.

ஸ்வேதா முதலில் செட்டியாரை மட்டையைப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தார். அவருடைய இடதுகை நடுவிரலும் மோதிரவிரலும் காம்பைச் சுற்றி வந்து, நகம் உள்ளங்கைச் சதையில் குத்திக்கொண்டு நின்றது. விரல்நுனி சதையைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும், இப்படிக் குத்தினால் உங்கள் கைக்கு இந்த கிரிப் ரொம்ப ஒல்லி என்று அர்த்தம், என்றாள். எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டாள். செட்டியார் கொஞ்சம் மென்று விழுங்கிவிட்டு, ஈப்போ கடையில் ஒல்லிதான் லாகவம் என்று சொன்னதாகவும், தனக்கு அந்த அரக்கு நிறம் பிடித்துப் போனதாகவும், ஏழு வருடமாக அதே நம்பரைச் சொல்லி வரவழைப்பதாகவும் சொன்னார். இரும்புக்கடையில் குழாய்க்கும் நட்டுக்கும் நூல் நூலாக அளவு பார்த்து விற்றவர், தன் கைக்கு அளவே பார்க்கவில்லை.

பிறகு அவள் கிரிப்பை மூக்கருகே கொண்டுபோனாள். முகம் மாறியது. இது என்ன வாசனை என்று கேட்டாள். விளக்கெண்ணெய் என்று செட்டியார் பெருமையாகவே சொன்னார். பழக்குகிற முறையை, செருப்புக் கதை உட்பட, முழுவதும் விளக்கினார். கேட்கக் கேட்க அந்தப் பெண்ணின் வாய் திறந்தது திறந்தபடியே நின்றது. அதற்குப் பிறகுதான் பிளேடை எடுத்தாள்.

"கிரிப்ப யாராவது பழக்குவாங்களா அங்கிள்? அது தோல் இல்ல. சோப்புத் தண்ணில கழுவித் தொடச்சா அவ்வளவுதான் வேலை. ஒரு கிரிப்புக்கு நல்ல நாளுன்னா அது புதுசா வந்த நாள்தான். அங்கேருந்து அது தேய ஆரம்பிச்சிடும். அது தேஞ்சு முடிஞ்ச பிறகுதான் நீங்க கையிலயே வாங்குறீங்க. அதுல எண்ணெய் வேற."

வேப்பமரத்தடியில் செட்டியார் பேயறைந்த மாதிரி இருந்தார். வெங்கட்ராமன், ஏதேதோ உலோகத்தையெல்லாம் ஆராய்ச்சி செய்து ரிட்டையரானவர், தன் மட்டைப் பையை மெதுவாகக் காலால் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். அதிலும் விளக்கெண்ணெய்தான்.

காளியாயிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தன் வேலை வீண் என்பதைக்கூட அவளால் விழுங்க முடிந்திருக்கும். கட்டிய சுவரை மறுநாள் இடிக்கச் சொல்கிற வீட்டுக்காரர்களை அவள் நிறையப் பார்த்தவள். அதற்கும் அடியில் இன்னொன்று கிடந்து அவளைக் குத்தியது. இரண்டடி முன்னால் வந்து கேட்டாள்.

"அப்ப நான் எண்ணெ தடவுனதுனாலயாம்மா ஐயாவுக்குக் கை வலிக்குது?"

ஸ்வேதா நல்ல பெண். பொய் சொல்லத் தெரியாத பெண்ணும்கூட. ஒல்லியாக இருப்பது ஒரு காரணம், எண்ணெய் ஒரு காரணம் என்றாள். வழுக்கினால் மனுஷர் இறுக்கிப் பிடிப்பார். வருடக்கணக்காக இறுக்கிப் பிடித்தால் பெருவிரல் மூட்டு தாங்காது.

இரண்டு வருடமாக வேண்டிக்கொண்டு தடவிய கை அது. காளியாயி தன் கையைப் பார்த்தாள். சேலைத் தலைப்பில் துடைத்தாள். திரும்பவும் துடைத்தாள்.

செட்டியார் சத்தம் போடுகிற ஆள் இல்லை. சத்தம் போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அவள் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னார்: "பழக்க ஒண்ணும் இல்லையாம்ல. மத்த வேலைக்கு வேற ஆளப் பாத்துக்குறேன். நாளையிலேருந்து நீ வர வேணாம் காளியாயி."

யோசனை ஆச்சியுடையது. உத்தரவு செட்டியாருடையது. வேலை போனது காளியாயிக்கு. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்று சும்மாவா சொன்னார்கள். ஆனால் அவள் அப்படியெல்லாம் நினைக்கவில்லை. சரிய்யா என்றாள். ஷெட்டுக்குள் போய், ஆணியில் மாட்டியிருந்த தூக்குவாளியை எடுத்தாள். மேஸ்திரியின் நம்பர் இன்னும் போனில் இருக்கிறதா என்று ஒரு யோசனை ஓடியது. நாற்பத்து நாலு வயதில் இனிமேல் மூன்றாம் மாடிக்குச் சட்டி தூக்க முடியுமா என்று இன்னொரு யோசனை அதைத் துரத்தியது.

வெளியே ஸ்வேதா, கிழித்து எறிந்த ரப்பரில் ஒன்றை எடுத்து வெயிலில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தொழில் அது. தேய்ந்த கிரிப்பைப் பார்த்தே ஆடுகிறவரின் கையைச் சொல்லிவிடுவாளாம். செட்டியார் பிடித்துக் கழற்றிய பழைய ரப்பர் ஒன்றும் பக்கத்தில் கிடந்தது. அதில் பெருவிரல் பட்ட இடம் பள்ளமாகக் குழிந்திருந்தது. புது ரப்பரில் பள்ளமே இல்லை. இடதுகையின் கடைசி மூன்று விரலும் வலதுகையின் நடு இரண்டு விரலும் படுகிற இடத்தில் மட்டும் ஒரே சீரான மினுமினுப்பு.

"இது உங்க கை இல்லையே அங்கிள். இத யாரு பிடிச்சது? இது நல்லா ஆடுறவங்க பிடி. எங்க கடைக்கு வர்றவங்கள்ல நூத்துல ரெண்டு பேருக்குத்தான் இப்படி இருக்கும்."

இதைக் கேட்டதும் செட்டியாருக்கு வந்தது முதல் அதிர்ச்சியைவிடப் பெரிய அதிர்ச்சி. அந்த ரப்பரை இதுவரைக்கும் பிடித்த கை ஒன்றே ஒன்றுதான். நல்லா ஆடுகிறவர் பிடி என்றால், ஆடியிருக்கிறாள் என்றுதானே அர்த்தம்? தான் இல்லாத நாளில், தன் மட்டையை எடுத்து, தன் மைதானத்தில்? முள்ளுக்குள் போய்த் திரும்பாத பந்துகள் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. வாளியோடு வெளியே வந்தவளை நிறுத்தினார். இந்தத் தடவை முகத்தைப் பார்த்தே கேட்டார்.

"உண்மையச் சொல்லு. எனக்குத் தெரியாம ஆடுனியா? காணாமப் போன பந்தெல்லாம் நீ அடிச்சதுதானா?"

காளியாயிக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. வேலை போனதைக்கூட வாங்கிக்கொண்டவளுக்கு இது தாங்கவில்லை. ஏழு வருடத்தில் முள் கிழிக்காத நாள் கிடையாது; முழங்கை வரைக்கும் கோடு கோடாகத் தழும்பு; ஒரு பந்து கண்ணில் பட்டு விட்டுவிட்டு வந்தது கிடையாது. வாளியைக் கீழே வைத்தாள்.

"என் குலசாமி மேல ஆணையா சொல்றேன்யா, மட்டையால ஒரு பந்தத் தொட்டதில்ல. நீங்க தொடக்கூடாதுன்னு சொன்னீக. தொடல. என்னையத் திருடின்னு சொல்லி அனுப்பாதீக."

செட்டியார் நம்பவில்லை. சாட்சி சொல்ல ஆள் இல்லை. வேப்பமரம் வாய் திறந்து பேசாது. ஸ்வேதாதான், இதை அறிய ரொம்ப நேரம் ஆகாது அங்கிள் என்று சொல்லி, பாய்த்துண்டை விரித்து, அதில் ஒரு பந்தை வைத்தாள். கிரிப் உரிக்காத ஒரு இரும்பு மட்டையை எடுத்துக் காளியாயியிடம் நீட்டி, அடிங்கக்கா என்றாள்.

காளியாயி செட்டியாரைப் பார்த்தாள். அவர் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில் தயவு ஒன்றும் இல்லை, கோர்ட்டில் ஜட்ஜ் அசைக்கிற மாதிரிதான் இருந்தது.

அவள் நின்றாள். பிடித்தாள். பின்னுக்கு ஏற்றி, இடுப்பைத் திருப்பி, வீசினாள். மட்டை காற்றைக் கிழிக்கிற சத்தம் கேட்டது. பந்து வைத்த இடத்திலேயே இருந்தது.

வெங்கட்ராமன் சிரித்துவிட்டார். காளியாயிக்கு உடம்பெல்லாம் கூசியது. செட்டியார் முகத்தில் ஒரு குழப்பம். ஸ்வேதா மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து, மட்டைத் தலை போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை வீசச் சொன்னாள். வீசினாள். திரும்பவும் பந்து அசையவில்லை. மூன்றாம் தடவையும் அதே கதை.

"இவங்க பந்து அடிச்சதே இல்ல அங்கிள்," என்றாள் ஸ்வேதா நிமிர்ந்து. "ஒரு நாள் அடிச்சிருந்தாலும் கை தரையைத் தேடிப் போகும். இவங்க மூணு தடவையும் சரியா ஒரே உயரத்துல வீசுறாங்க. தரைக்கு மேல ஒரு சாண். நான் இப்படிப் பார்த்ததே இல்ல."

ஒரு சாண். செட்டியார் தன் வலதுகையைப் பார்த்தார். அளந்து காட்டிய கை அது. அவர் முகம் வெளிறிப்போனதைக் காளியாயி பார்த்தாள். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது, கேட்கவும் இல்லை. ஆனால் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார்.

ஸ்வேதா விடுகிற பெண்ணாக இல்லை. சுற்றும் முற்றும் பார்த்தாள். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றை எடுத்து, மூடியைத் திருகி எறிந்து, பாய்மேல் நிறுத்தி, அதன் வாயில் பந்தை உட்கார வைத்தாள். தரைக்கு மேல் சரியாக ஒரு சாண்.

"உங்க வீச்ச மாத்தாதீங்கக்கா. எப்பவும் போல காத்தத்தான் அடிக்கணும். நடுவுல பந்து இருக்கிறத மறந்துடுங்க."

காளியாயி கண்ணை ஒரு நொடி மூடித் திறந்தாள். வீசினாள்.

கையில் ஒன்றுமே தெரியவில்லை. தட்டினது மாதிரிகூட இல்லை. இதுவும் போச்சு என்றுதான் நினைத்தாள். ஆனால் பாட்டில் அப்படியே நின்றது, அதன் வாயில் பந்து இல்லை. வெங்கட்ராமன் நெற்றிமேல் கையை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். சின்ன வெள்ளைப் புள்ளி ஒன்று முதல் கொடியைத் தாண்டி, அதற்கும் அந்தப் பக்கம் கருவேல மரங்களுக்கு மேலே இன்னும் போய்க்கொண்டிருந்தது. அந்தத் தூரத்துக்கு அதே மட்டையால் செட்டியாருக்கு இரண்டு அடி வேண்டும், சில நாள் மூன்று.

ஸ்வேதாகூட எதிர்பார்த்திருக்க மாட்டாள்; போனில் படம் எடுக்கக் கையைத் தூக்கியவள் எடுக்காமலேயே நின்றாள்.

காளியாயிக்குச் சந்தோஷம் வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். வரவில்லை. முதலில் பயம்தான் வந்தது, ஏதோ உடைத்துவிட்ட மாதிரி. பிறகு கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியாத கோபம். இந்தப் பெரிய மனுஷர்கள் வாரத்துக்கு இரண்டு நாள் வியர்த்து விறுவிறுத்து, பொருமி, மட்டையைத் தரையில் குத்தி, ஒருத்தரை ஒருத்தர் சமாதானம் செய்துகொண்டு ஆடியதெல்லாம் இதற்காகத்தானா? அவர்கள் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு ஏழு வருடம் நடந்தாளே, அவளுக்கு அதெல்லாம் மலையைப் புரட்டுகிற வேலையாக அல்லவா தெரிந்தது.

"இம்புட்டுத்தானாய்யா இது?" என்று கேட்டாள்.

செட்டியார் பந்துக் கூடையைப் பார்த்தார்.

"ஏழு வருசமா உன் கையில கிரிப்பக் குடுத்தேன்," என்றார் மெதுவாக. "ஒரு நாளு ஒரு பந்தக் குடுக்கணும்னு எனக்குத் தோணல பாரு."

அவள் கண்ணில் தண்ணீர் இறங்கியது. மட்டையை விடாமல் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். திரும்பவும் காலை அகட்டி நின்றாள்.

"இன்னொண்ணு வைங்கய்யா."

அவருக்கு வேலை சொல்லி அவள் பேசியது அதுதான் முதல் தடவை. வெங்கட்ராமன் திடுக்கிட்டுச் செட்டியாரைப் பார்த்தார். ஸ்வேதா பந்தை எடுக்கக் குனிந்தாள். செட்டியார் அவளைக் கையமர்த்திவிட்டு, வீங்கின பெருவிரலை மடக்க முடியாமல் நாலு விரலால் ஒரு பந்தைக் கவ்வி எடுத்து, ஒரு கையால் முழங்காலை ஊன்றிக் குனிந்து, பாட்டிலின் வாயில் வைத்தார். முதல் தடவை உருண்டு விழுந்தது. இரண்டாம் தடவை நின்றது.

அதுவும் போனது. அடுத்ததும் போனது. நாலாவது பாட்டிலோடு சேர்ந்து பறந்தது. பிறகு ஸ்வேதா பாட்டிலை எடுத்துவிட்டு ஒரு டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். அதன்பின் டம்ளரையும் எடுத்துவிட்டுப் பாயிலேயே வைக்கச் சொன்னாள். ஒரு சாண் கீழே இறங்கக் காளியாயியின் கை மறுத்தது. ஏழு வருடத்துக் கட்டளை அல்லவா? நாலைந்து முறை காற்றுத்தான் கிடைத்தது. ஒரு முறை மட்டைத் தலை சரளையில் இடித்துப் பொறி பறந்தது. காளியாயி பதறிப்போய் மட்டையைத் திருப்பிப் பார்த்தாள். பளபளத்த இரும்பில் வெள்ளையாக ஒரு கோடு. செட்டியார் அந்தக் கீறலை எட்டிப் பார்த்தார். அடுத்த பந்தை எடுத்து வைத்தார். அந்தப் பந்து போன வேகத்துக்கு வெங்கட்ராமன் தன்னை அறியாமல் கைதட்டிவிட்டார்.

கூடை காலியானபோது வெயில் ஏறிவிட்டது. அன்றைக்கு ஆட்டமே நடக்கவில்லை. இட்லி ஆறிக்கிடக்கும் என்று யாருக்கும் ஞாபகமும் வரவில்லை. பந்து பொறுக்குவது அவள் வேலை. வேலையை விட்டு நிறுத்தியாயிற்று என்பதுகூட மறந்து, உடம்பு தன்னால் கூடையை நோக்கி நகர்ந்தது.

"நீ நில்லு," என்றார் செட்டியார். "அந்தப் புள்ள கைக்கு அளவெடுக்கணுங்குது, எடுத்துக்க. எந்த கிரிப்பு புடிச்சிருக்கோ அதச் சொல்லு. ஞாயித்துக்கிழம ஆறரைக்கு வந்துரு."

ஸ்வேதா வந்து காளியாயியின் இடதுகையை விரித்து, மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரைக்கும் டேப்பை வைத்தாள். தன் கையை ஒருத்தர் அளவெடுப்பதை அவள் அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். செட்டியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு, கருவேல முள்ளுக்குள் பந்து தேடப் போனார்.